தண்ணீருக்கு எழுதிக்கொடுத்தவள்

ஆலாங்காட்டு வலசில் குழாய்த் தண்ணீர் பேச ஆரம்பித்தது ஓர் ஆடி வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு, தண்ணீர் திறந்துவிடும் பழனியப்பன் வால்வைத் திருகிவிட்டு வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு நின்ற நேரத்தில். முதலில் காற்று சீறியது, பிறகு துரு நிறத்தில் கொஞ்சம் வந்தது, பிறகு தெளிந்த தண்ணீர் விழுந்தது, விழுந்த மாத்திரத்தில் பாப்பாத்தியின் பச்சைக் குடத்துக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் சொன்னது: "நான் உங்க ஊர்த் தண்ணி. உங்க புள்ளைங்க தாகம் எனக்குத் தெரியும். பயப்படாமக் குடிங்க சாமி."

பாப்பாத்தி குடத்தை நகர்த்தவில்லை. "யாரது?" என்று மட்டும் கேட்டாள். தண்ணீர் அதையே திரும்பச் சொன்னது. குடம் நிறைய நிறையக் குரல் மெலிந்து மேலேறி, கழுத்து வரைக்கும் வந்ததும் நின்றது. அடுத்த குடம் வைத்தார்கள், அதுவும் சொன்னது. பின்னால் நின்ற ஒருத்தி, "சித்த நகருக்கா, அது பேசிட்டே கெடக்கட்டும், எனக்குக் கம்பெனி வேன் வந்துரும்" என்றாள். அந்த ஊர் அதிசயத்தை வரவேற்றது அவ்வளவுதான்.

வரிசையில் ஏழாவதாக நின்ற அம்சவேணி மட்டும் வரிசையை விட்டு விலகினாள். ஏனென்றால் அந்த மூன்று வாக்கியங்களையும் எழுதியவள் அவள். பேசிய குரலும் அவளுடையது.

அம்சவேணி எட்டாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டுப் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டப் போனவள். இருபது வருடம் பிசிறு வெட்டிக் கண் மங்கி, இனி வேண்டாமென்று வீட்டில் உட்கார்ந்தபோது பக்கத்து வீட்டுக்கு ஒரு கரண்ட் மனு எழுதிக்கொடுத்தாள், அது நடந்துவிட்டது, அடுத்த தெருவுக்கு ஒரு பட்டா மனு எழுதிக்கொடுத்தாள், அதுவும் நடந்துவிட்டது, அதோடு அவள் எழுத்துக்காரி ஆகிவிட்டாள். எந்த ஆபீசிலும் அவள் சம்பளக்காரி இல்லை, எந்தத் தாளிலும் அவள் பெயர் வந்ததில்லை. கேட்டவர்களுக்குக் கேட்டதை எழுதிக்கொடுப்பாள்: மனு, பூப்புனித நீராட்டு விழா பிளக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ஆடித் தள்ளுபடிக்கு ஆட்டோவில் கத்திக்கொண்டு போகிற விளம்பரம், பள்ளி ஆண்டு விழாவில் பஞ்சாயத்துத் தலைவர் வியர்த்துக்கொண்டே படிக்கிற பேச்சு. அவள் எழுதாமல் அந்த வட்டாரத்தில் பத்து வருடமாக ஒரு பெண் வயதுக்கு வந்ததில்லை, ஒரு கிழவர் செத்ததில்லை.

ஆனால் எழுத்துப்பிழை என்றால் அவளுக்கு இன்னமும் குலை நடுங்கும். எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்று யோசித்தே தலைவலி வந்துவிடும். அதனால் அவள் விரலால் எழுதுவதில்லை. போனைப் பிடித்து வாயால் சொல்வாள், போன் எழுதிக்கொள்ளும். வலசில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற ஒரே இடம் மேல்நிலைத் தொட்டியின் அடி. ஆகவே அவள் எழுதியதெல்லாம் அந்தத் தொட்டியின் நிழலில், சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்று தடவை சத்தமாகச் சொல்லிச் சரிபார்த்து எழுதியதுதான். தலைக்கு மேலே அறுபதாயிரம் லிட்டர் தண்ணீர் அசையாமல் நிற்கும்.

இன்னொரு பழக்கமும் அந்த ஊரில் இருந்தது. மனு என்றால் எழுதி முடித்துப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவதுதான் மற்ற ஊர்களில் முறை. வலசில் முதலில் வெற்றுத்தாளின் கீழ்ப்பாதியில் எல்லாரும் கையெழுத்தும் ரேகையும் வைத்து அம்சவேணியிடம் கொடுத்துவிடுவார்கள், மேல்பாதியில் அவள் போனில் எழுதியதைப் பிறகு டவுனில் அச்சடித்துக்கொள்வாள். "என்ன எழுதப் போறேன்னு கேக்க மாட்டீங்களா?" என்று அவள் கேட்டால், "நீ எழுதறதுல நாங்க என்னத்தக் கேக்கறது?" என்பார்கள்.

அந்த ஆனி மாதக் கடைசியில் குழாய்த் தண்ணீரில் ஒரு வாடை வந்தது. ஈயப் பாத்திரத்தில் மஞ்சளாகக் கறை படிந்தது, எருமைகள் தொட்டியில் மூக்கை வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன, குழந்தைகளுக்கு முழங்கை மடிப்பில் அரிப்பெடுத்தது. ஊருக்கு வடக்கே இருக்கிற சாயப்பட்டறை மேல்தான் எல்லாருக்கும் சந்தேகம். கேன் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். கலெக்டருக்கு மனு கொடுப்பதென்று முடிவாகி, நாற்பத்து மூன்று பேர் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டார்கள், முதல் கையெழுத்து பாப்பாத்தி. தாள் அம்சவேணியின் பைக்குள் போனது.

அந்த வாரமே சாயப்பட்டறை மேனேஜர் ஜெயசீலன் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். ஏசி ரூம். நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க மேடம்" என்றார். வாசலில் அவள் சேலையில் மாட்டிவிட்ட அட்டையில் 'கன்டென்ட் ரைட்டர்' என்று இருந்தது. நாற்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக ஒருவர் அவளை மேடம் என்றார்.

"ஊர்ல வதந்தி பரவுது மேடம். ஒரு நோட்டீஸ் போடணும். கவர்மெண்டு பாஷை வேண்டாம். படிச்சா அம்மா பேசற மாதிரி இருக்கணும்."

"விவரம் ஏதாவது குடுத்தீங்கன்னா..."

ஒரு பைல் கொடுத்தார். அதில் தண்ணீர்ப் பரிசோதனைத் தாள் ஒன்று இருந்தது. முழுக்க இங்கிலீஷ். கடைசி வரிக்கடியில் யாரோ சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்கள். அம்சவேணிக்கு இங்கிலீஷ் தெரியாது, தெரியாது என்று பிறகு ஆயிரம் தடவை தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்த வரியில் இருந்த இரண்டு வார்த்தைகள் பனியன் கம்பெனியில் இருபது வருடம் இருந்த எவளுக்கும் தெரிந்தவை. 'நாட் ஃபிட்'. அளவு தப்பிய பனியனைக் கழித்துக்கட்டும்போது அட்டையில் எழுதி ஒட்டுவது அதைத்தான்.

"இது..." என்று விரல் வைத்தாள்.

"அது பழைய ரிசல்ட்டு மேடம். புதுசு வந்துட்டே இருக்குது."

அவள் பைலை மூடினாள். நாம எழுதறவ, சோதிக்கறவ இல்லையே என்று நினைத்துக்கொண்டாள். தொட்டியடியில் போய் உட்கார்ந்தபோது, யாரும் கேட்காமலே, தண்ணீரே பேசுவதுபோல எழுதினால் என்ன என்று அவளுக்கே தோன்றியது. தோன்றியதும் சந்தோஷமாக இருந்தது. பின்னாட்களில் அவளை அதிகம் குத்தியது அந்தச் சந்தோஷம்தான். மூன்று வாக்கியத்தையும் மூன்று தடவை சத்தமாகச் சொன்னாள். கடைசியில் அந்த 'சாமி' தானாக வந்து ஒட்டிக்கொண்டது, குழந்தைகளுக்குச் சோறூட்டும்போது அவள் சொல்கிற சாமி அது. "அந்த சாமிதான் மேடம் டச்சிங்கு" என்று ஜெயசீலன் போனில் சிரித்தார்.

நோட்டீஸ் புதன்கிழமை வீடு வீடாக வந்தது, வியாழக்கிழமை பஜ்ஜிக் கடையில் எண்ணெய் வடியவிட உதவியது. யாரும் நம்பவில்லை. அம்சவேணி ஒரு பெருமூச்சு விட்டாள், கழிந்தது என்று. வெள்ளிக்கிழமை தண்ணீர் பேசியது.

பேசுகிற தண்ணீரோடு வாழ்வதற்கு வலசு நான்கே நாளில் கற்றுக்கொண்டது. உலை வைத்தால் கொதி வரும்வரைக்கும் தண்ணீர் சொல்லிக்கொண்டே இருக்கும், கொதித்ததும் வார்த்தைகள் ஒன்றோடொன்று முட்டி முணுமுணுப்பாகும், முணுமுணுப்பு அடங்கினால் அரிசி போடலாம், சூடு தணிந்தால் மறுபடி பேசும் என்று பெண்கள் கணக்கு வைத்துக்கொண்டார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி அபிஷேகத்துக்குச் சொம்பைச் சரித்தபோது தண்ணீர் அம்மனைப் பார்த்தே "பயப்படாமக் குடிங்க சாமி" என்றது, பூசாரி ஒரு நிமிடம் யோசித்துவிட்டு மிச்சச் சொம்பையும் ஊற்றினார். எழவு வீட்டில் நீர்மாலை எடுத்து வந்து பிணத்தைக் குளிப்பாட்டும்போதும் அதையே சொன்னது, செத்தவரின் மருமகள் அதற்குத் தனியாக ஒருமுறை அழுதாள். பள்ளிக்கூடத்தில் பாட்டில் மூடியைத் திறந்து வைக்கக்கூடாது என்று டீச்சர் சட்டம் போட்டார். டீக்கடைக்கு வெளியூர் லாரிக்காரர்கள் வந்து, "பேசற டீ ஒண்ணு போடுங்கண்ணா" என்றார்கள். டவுனிலிருந்து ஒருவர் மைக்கோடு வந்து அரைநாள் உட்கார்ந்து பதிவு செய்தார், திரும்பப் போட்டுக் கேட்டால் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் இருந்தது, காது சரியில்லாத ஊர் என்று சொல்லிவிட்டுப் போனார். வலசுக்காரர்கள் அதற்கும் வருத்தப்படவில்லை. அவர்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. வாடை வந்தது உண்மை, கறை படிந்தது உண்மை, ஆனால் தண்ணீரே வாய்திறந்து சொல்கிறபோது வேறு யாரைக் கேட்பது? கேன் வண்டி வருவது நின்றது. நாக்கு இரண்டு வாரத்தில் அந்த வாடைக்குப் பழகியது.

அம்சவேணியின் வீட்டுக்காரர் மயில்சாமி முப்பது வருடம் விசைத்தறி ஓட்டிக் காது மந்தமானவர், அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. மற்றவர்கள் யாரும் அது உன் குரல்தானே என்று அவளிடம் சொல்லவில்லை. யாருக்கும் தெரியவில்லை என்று அவள் முடிவு செய்துகொண்டாள். தெரியாமலே இருக்கட்டும் என்று மாரியம்மனுக்கு மஞ்சத்துணியில் காசு முடிந்தும் வைத்தாள், வைத்த கையோடு எதை வேண்டுகிறோம் என்று நினைத்து அவளுக்கே கூசியது.

டவுனுக்குப் போகும்போதெல்லாம் ஐந்து லிட்டர் பாட்டில் ஒன்று வாங்கி, ஸ்கூட்டியில் காலடியில் வைத்து, மேலே கட்டைப்பையைப் போட்டு மறைத்துக் கொண்டுவந்தாள். அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். அவளும் மயில்சாமியும் அதைக் குடித்தார்கள். ஒருநாள் பாப்பாத்தி வந்து டீ குடித்துவிட்டுத் தம்ளரைக் காதருகே வைத்துப் பார்த்தாள்.

"ஏன்டி அம்சு, உன்ற ஊட்டு டீ பேச மாட்டேங்குது?"

"பாலு சாஸ்தி ஊத்திட்டேன்."

"அதென்னமோ போ. பேசாத டீ குடிச்சா குடிச்சாப்பலயே இல்ல." தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, போகிறபோக்கில் சொன்னாள்: "அந்த மனுத் தாளக் கிழிச்சுப் போட்ரு. இனி அது எதுக்கு?"

கிழிக்கக் கை வரவில்லை. நாற்பத்து மூன்று பெயர்களும் கீழ்ப்பாதியில் நெருக்கியடித்துக்கொண்டு, மேலே இருக்கிற வெள்ளையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தன. குளிக்கிறபோது ஒவ்வொரு செம்பும் அவள் தலையிலிருந்து அவள் குரலில் வழிந்து, பயப்படாதே என்று அவளிடமே சொன்னது. அவள் குளிப்பதைச் சுருக்கிக்கொண்டாள்.

ஆவணியில் பாப்பாத்தியின் மகள் சுகந்தி வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்தாள். வந்த இரண்டாம் வாரம் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தார்கள். அன்று மத்தியானம் அம்சவேணி பார்க்கப் போனபோது சுகந்தி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் ஸ்டூலில் பெரிய எவர்சில்வர் தூக்கு.

"வயித்துல தண்ணி கம்மியா இருக்குதாங்க சின்னம்மா. ஒரு நாளைக்கு நாலு லிட்டர் குடிக்கச் சொல்லியிருக்காங்க டாக்டரு. குடிச்சுக் குடிச்சு எந்நேரமும் பாத்ரூம்தான்."

"எந்தத் தண்ணி கண்ணு?"

"இதென்ன கேள்வி?" என்றாள் பாப்பாத்தி, தூக்கிலிருந்து தம்ளரில் ஊற்றிக்கொண்டே. தம்ளர் பேசியது. சுகந்தி மடக்மடக்கென்று குடித்தாள். குடித்து முடித்து வாயைத் துடைத்தபோது, அவள் வயிற்றுக்குள்ளிருந்து, கம்பளிக்குள் வைத்த ரேடியோபோல மங்கலாக, அதே குரல் கேட்டது. உங்க புள்ளைங்க தாகம் எனக்குத் தெரியும்.

"பாருங்க, பாருங்க" என்று சுகந்தி சிரித்துக்கொண்டே அம்சவேணியின் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். "இது பேசுனா மட்டும் உதைக்கும். மத்த நேரம் தூங்குமூஞ்சி."

உள்ளே ஒரு சின்னக் கால் அம்சவேணியின் உள்ளங்கையை உதைத்தது. அவள் கையை எடுத்துக்கொண்டு, அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தேன் என்று பொய் சொல்லிவிட்டு, நேராகத் தொட்டியடிக்குப் போனாள். போனைக்கூட எடுக்கவில்லை. மேலே பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "நான் உங்க ஊர்த் தண்ணி. என்னக் குடிக்காதீங்க." மூன்று தடவை சொன்னாள், முப்பது தடவை சொன்னாள், தொண்டை கட்டும் வரைக்கும் சொன்னாள். ஆடு மேய்க்கிறவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து பையிலிருந்து தாளை எடுத்தாள். பேனாவைப் பிடித்து, வாயால் இல்லாமல், முதல் தடவையாகக் கையால் எழுதினாள். பெரிய ற, சின்ன ர எல்லாம் இடம் மாறின. அடித்து அடித்து எழுதினாள். பொழுது சாயும்போது மேல்பாதி நிறைந்திருந்தது.

மறுநாள் காலை அவள் வரிசையில் நிற்காமல் முன்னால் போய்க் குழாயடியில் நின்றாள். பழனியப்பன் வால்வைத் திருகினார். காற்று சீறியது, துரு வந்தது, தண்ணீர் விழுந்தது. நான் உங்க ஊர்த் தண்ணி, என்றது, பழையபடியே, ஓர் எழுத்துகூட மாறாமல். அம்சவேணி பாப்பாத்தியின் பச்சைக் குடத்தைக் குழாயடியிலிருந்து இழுத்தாள்.

"அடி, என்னடி பண்ற?"

"இதக் குடிக்காதீங்க. இது தண்ணி சொல்றதில்ல, நான் எழுதிக் குடுத்தது. பட்டறைக்காரங்க கேட்டாங்க, எழுதிக் குடுத்தேன். நல்லா இல்லேன்னு தாளுல போட்டிருந்துச்சு, பாத்துட்டுத்தான் எழுதுனேன். இந்தக் குரலும் என்றதுதான்." சொல்லச் சொல்ல அவளுக்கு மூச்சு வாங்கியது. பக்கத்தில் குழாய் அவள் குரலிலேயே, கொஞ்சமும் மூச்சு வாங்காமல், பயப்படாமக் குடிங்க என்றது.

யாரும் அதிர்ச்சியடையவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"உன்ற குரல்னு எங்களுக்குத் தெரியாதா?" என்றாள் பாப்பாத்தி மெதுவாக. "மொத நாளே தெரியும். ஊருக்கே தெரியும்."

"அப்பறம் ஏன் ஒருத்தரும் எங்கிட்ட..."

"சாமி வந்து ஆடறவகிட்டப் போயி, உன்ற வாயில சாமி பேசுதுடின்னு எவளாச்சும் சொல்லுவாளா? சொன்னா எறங்கிப் போயிரும்னு இருந்தோம்." பாப்பாத்தி குழாயைக் காட்டினாள். "பட்டறைக்காரன் குரல்ல பேசியிருந்தா நாங்க குடிச்சிருப்பமா? வேற எவ குரல்ல பேசியிருந்தாலும் குடிச்சிருப்பமா? தண்ணி சொல்லி நாங்க குடிக்கலடி. நீ சொல்லிக் குடிச்சோம்."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. கம்பெனி வேனுக்குப் போகிறவள்கூட நகரவில்லை.

"இப்ப நாந்தான் சொல்றேன், குடிக்காதீங்கன்னு."

"எந்த அம்சவேணிய நம்பறது? அதா, நீயா?"

அம்சவேணி ஓரடி முன்னால் வந்தாள். தாளை நீட்டினாள். "படிச்சுப் பாருங்க. மொத தடவ, படிச்சுப் பாத்துட்டு இருக்கட்டுமா வேண்டாமான்னு சொல்லுங்க." பழனியப்பன் வாங்கி, எழுத்துக்கூட்டி, பிழைகளில் தடுக்கித் தடுக்கிப் படித்தார். பட்டறையின் பேர் இருந்தது, சிவப்புக் கோடு இருந்தது, அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கிற பாட்டில் இருந்தது. பாட்டிலுக்கு வந்தபோது யாரோ காறித் துப்பினார்கள். கடைசியில், நாற்பத்து மூன்று பேருக்கும் கீழே, ஓரத்தில் இடமில்லாமல் வளைந்து, நாற்பத்து நான்காவதாக அம்சவேணியின் கையெழுத்து இருந்தது.

பாப்பாத்தி பச்சைக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள், இரண்டடி நடந்தாள், நின்றாள், பிறகு அப்படியே கவிழ்த்தாள். தண்ணீர் மண்ணில் ஓடி, நான் உங்க ஊர், என்றது. மிச்சத்தை மண் இழுத்துக்கொண்டது. ஒவ்வொருத்தியாகக் கவிழ்த்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சாதாரணமாக நடப்பதுதான். அதிகாரிகள் வந்து பாட்டில்களில் பிடித்துப் போனார்கள், தொட்டிக்குச் சீல் வைத்தார்கள், பட்டறை வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள், லாரியில் ஆற்றுத்தண்ணீர் வந்தது. லாரித் தண்ணீர் பேசாது. ஊமைத் தண்ணீர் என்று கொஞ்ச நாள் முகம் சுளித்துக்கொண்டே பிடித்தார்கள். அம்சவேணியிடம் யாரும் எழுத வரவில்லை, கண்ணீர் அஞ்சலி போஸ்டரைக்கூட டவுனில் அடித்துக்கொண்டு வந்தார்கள், அதில் செத்தவர் பெயரே தப்பாக இருந்தது, அப்படியும் அவளிடம் வரவில்லை. பாப்பாத்தி வாசலில் கோலம் போடும்போது அவள் போனால் முதுகைத் திருப்பிக்கொள்வாள்.

ஐப்பசியில் சுகந்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு, வேறு குறையில்லை என்றார்கள். அந்தச் செய்தியை அம்சவேணி மளிகைக் கடையில் வேறு யாரோ பேசிக்கொண்டதிலிருந்து தெரிந்துகொண்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி அழுதாள்.

பதினெட்டாம் நாள் சாயந்திரம் பாப்பாத்தி வந்தாள். துணியில் சுற்றிய குழந்தை அவள் தோளில் நீலம் பாரித்துக் கதறிக்கொண்டிருந்தது. உள்ளே வரவில்லை, வாசற்படிக்குக் கீழேயே நின்றாள். அம்சவேணியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"மூணு நாளா இப்படித்தான். ஆஸ்பத்திரியில ஒண்ணுமில்லேங்கறாங்க. மருந்துக்கும் கேக்கல, தாலாட்டுக்கும் கேக்கல." கொஞ்சம் நிறுத்தினாள். "நேத்து நீ தெருவுல கீரைக்காரிகிட்டப் பேசிட்டுப் போனயல்ல, அப்ப மட்டும் நிறுத்துச்சு. நீ போனதும் மறுபடி ஆரம்பிச்சிருச்சு."

"பாப்பாத்தி..."

குழந்தை சட்டென்று நிறுத்தியது. கழுத்து நிற்காத தலையை மெல்லத் திருப்பி, ஈரமான கண்களால் அம்சவேணியின் வாயைத் தேடியது.

"எங்கிட்டப் பேசாத" என்றாள் பாப்பாத்தி. "அதுகிட்டப் பேசு."

அம்சவேணி படியிறங்கி வந்தாள். எத்தனை பேருக்கு எத்தனை எழுதிக்கொடுத்தவள், முதல் வார்த்தையைத் தேடிக்கொண்டு நின்றாள். கண்ணு என்று தொடங்கலாம், சாமி என்று தொடங்கலாம், பயப்படாதே என்று சொல்லலாம், எல்லாம் அவளுக்கு வாயில் வந்தன, வந்ததையெல்லாம் விழுங்கினாள். குழந்தையின் முகம் மறுபடி கோணத் தொடங்கியது.

"நான் அம்சவேணி" என்றாள்.

குழந்தை அழவில்லை. மேலே என்ன சொல்லப் போகிறாள் என்று, சொன்னால் நம்பிவிடுவதென்று, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.